அப்பா இறந்தபின் குவிந்த வேலைகள்: எதிலிருந்து தொடங்குவது?

அப்பா இறந்தபின் முடிக்கவேண்டிய வேலைகளைப் பட்டியல் போட்டு, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். இன்றைக்கு அது மட்டும் போதும். வங்கி, கேஸ், ஈபி பெயர் மாற்றம், வாரிசுச் சான்றிதழ் என நீங்கள் போட்ட பட்டியலில் பாதிக்கு மேல் அது இல்லாமல் நகராது. இறப்பைப் பதிய 21 நாள் கெடு. மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பியிருப்பார்கள், எதற்கும் கேட்டுவிடுங்கள்.

ஃபைலைத் திறந்தாலே மூச்சு முட்டுகிறது என்கிறீர்கள். எல்லா வேலையும் ஒரே அவசரம்போலத் தெரிவதுதான் காரணமாக இருக்கும். (துக்கம் விசாரிக்க வருபவர்கள் கிளப்பும் அவசரம் தனி, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.) ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, ஒரு மாதம் தள்ளினால் என்ன நஷ்டம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பில்லைக் கட்டிவந்தால் ஈபி பெயர் மாற்றம் காத்திருக்கும். அப்பாவுக்குப் பென்ஷன் வந்துகொண்டிருந்தால் அது காத்திருக்காது. சீக்கிரம் தெரிவிக்காவிட்டால் கூடுதலாக ஏறிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அம்மாவுக்கான குடும்ப ஓய்வூதியமும் தள்ளிப்போகும்.

அப்புறம், பாஸ்புக்கில் நாமினி பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கணக்குக்குப் பெரும்பாலும் வாரிசுச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று: தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் பட்டியல் மட்டும் உதவாது. மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.