கூலன்ட் ஊற்றினால் போதாது, ஏர் எடுக்க வேண்டும்: கேள்வி பதில்

கேள்வி: கூலன்டை நானே மாற்றினேன், ரேடியேட்டர் வாய்வரை நிரப்பினேன். இப்போது டாஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம். டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, இறங்குகிறது. ஏன்?

பதில்: உள்ளே ஏர் லாக். பழைய கூலன்டை வடித்ததும் எஞ்சின் பிளாக், அதன் மேலுள்ள ஹெட், ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) எல்லாவற்றிலும் காற்று புகுந்துவிடும். மேலிருந்து ஊற்றும்போது அது வெளியே வர வழியில்லாமல் உயரமான மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கேட்கும் களகள சத்தம் ஹீட்டர் கோரில் இருந்து வருவது. முள்ளை இப்போதைக்கு நம்பாதீர்கள். சென்சார் கூலன்டில் முழுகியிருந்தால்தான் சரியாகக் காட்டும். காற்றில் நின்றால் எஞ்சின் கொதித்தாலும் முள் கீழேயே கிடக்கும்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். முன்பக்கம் மேடாக இருக்கும்படி வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். ரேடியேட்டர் வாய்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டும். பிளீடு ஸ்க்ரூ (காற்றை வெளியே விடும் திருகு) இருந்தால் தளர்த்திவிட்டு மெல்ல ஊற்றுங்கள். முதலில் புஸ்ஸென்று காற்று, அப்புறம் நுரையும் குமிழியுமாக, கடைசியில் ஒரே ஒழுக்காகக் கூலன்ட் வரும். அப்போது மூடுங்கள். பல வண்டிகளில் அந்த ஸ்க்ரூ பிளாஸ்டிக். பலத்தைக் காட்டினால் தலை கையோடு வந்துவிடும்.

இனி ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரைக் குறைந்த வேகத்தில் வைத்து, மூடி போடாமலே ஐடிலில் ஓடவிடுங்கள். பெரும்பாலும் 82 முதல் 90 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும் வால்வு) திறக்கும். மேல் ஹோஸ் சுடும், மட்டம் மளமளவென்று இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓரிரு முறை ஓடி நின்று, குமிழியும் நின்றதும் மூடி போடுங்கள். மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில், மட்டத்தை மறுபடி பாருங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்க வேண்டாம்.

கேள்வி: மூடி இல்லாமல் ஓடவிடச் சொல்கிறீர்கள், சூட்டில் திறக்காதே என்றும் சொல்கிறீர்கள். முரணாக இல்லையா?

பதில்: நல்ல கேள்வி. ஆறியபோதே திறந்து வைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறாது. மூடி போட்டு ஓடிய வண்டியில் வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் கூடுதல் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடும், அதுவரை அடங்கியிருந்தது மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

கேள்வி: என் காரில் ரேடியேட்டருக்கு மூடியே இல்லை. பக்கத்தில் டேங்க் மட்டும்தான்.

பதில்: அந்த டேங்கின் மூடிதான் உங்கள் மூடி, அழுத்தம் அதில்தான். மெல்லிய ஹோஸ் ஒன்று காற்றை அங்கே கொண்டுவந்து சேர்க்கும். பெரும்பாலும் தானாகவே ஏர் எடுத்துக்கொள்ளும். எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் உள்ள சில வண்டிகளுக்குத் தனி முறை உண்டு, மேனுவலைப் பாருங்கள்.

கேள்வி: பச்சையோடு சிவப்பு கலக்கலாமா?

பதில்: நிறத்துக்குப் பொது விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் போட்டிருக்கும் வகையை வாங்குங்கள். ஒவ்வாத வகைகள் சேர்ந்தால் கூழாகத் திரிந்து அடைத்துக்கொள்வதும் உண்டு.

கேள்வி: நீலத்தில் பச்சை?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: உப்புப் படியும். கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. ரெடிமிக்ஸ் என்றால் தண்ணீரே சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஹீட்டரைப் போடு என்பதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு சார். இப்போதைய கார்களில் ஹீட்டர் கோரில் கூலன்ட் எப்போதும் ஓடும். நாப்பைத் திருப்பினால் உள்ளே ஒரு ஃபிளாப்தான் நகர்கிறது.

பதில்: பாதி சரி. வால்வு வைத்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் ஹீட்டரைப் போடாவிட்டால் அந்தக் கிளையில் காற்று அப்படியே நிற்கும்.

கேள்வி: அப்படியானால் என் வண்டிக்குத் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: கூலன்ட் ஓடுவதற்குத் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏர் போய்விட்டதை எதை வைத்துச் சொல்வீர்கள்? ஐடிலில் வென்ட்டில் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த காற்று வந்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் சூடானால் உள்ளே இன்னும் காற்று இருக்க வாய்ப்பு அதிகம். ஹீட்டரை அணைத்துவிட்டால் இந்தச் சோதனைக்கு வழியில்லை.

கேள்வி: (வேறொருவர்) புளோயரை ஏன் குறைக்க வேண்டும்? முழு வேகத்தில் வைத்தால் வேலை சீக்கிரம் முடியாதா?

பதில்: தாமதமாகும் தம்பி. புளோயர் ஹீட்டர் கோரின் சூட்டை இழுத்துவிடும். தெர்மோஸ்டாட் திறக்க நேரமாகும். ஹீட்டர் விவகாரத்தை இத்தோடு முடித்துக்கொள்வோம்.

கேள்வி: மூன்று தடவை ஏர் எடுத்தாகிவிட்டது. மறுபடி மறுபடி குமிழி, கூலன்டும் குறைகிறது.

பதில்: நான்காவது தடவை எடுக்காதீர்கள். ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள சீல்) போயிருந்தால் சிலிண்டரின் புகையே கூலன்டுக்குள் நுழையும். அதைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் திரவம் இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுத்தால் நீலம் மஞ்சளாகும். அதுவரை வண்டியை ஓட்டாமல் இருப்பது நல்லது.

கேள்வி: ஏசி கேஸிலும் இப்படி ஏர் எடுக்க வேண்டுமா?

பதில்: அது வேறு வேலை, வேக்கம் பம்ப் வேண்டும். ஏசி மெக்கானிக்கைப் பாருங்கள்.

கேள்வி: நீலத்தில் சிவப்பு?

பதில்: மேலே. இரண்டு தடவை.

கேள்வி: வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையில் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்; நாய், பூனை நக்கினால் சிறுநீரகம் போய் செத்துவிடும். கேனில் பிடித்து மூடி, பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் இதையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். ஆயிலோடு மட்டும் கலந்துவிடாதீர்கள்.