நன்றாகக் கூட்டம் வந்தும் மைனர் லீக் பேஸ்பால் அணி ஏன் ஊர் மாறுகிறது?

கேள்வி: அமெரிக்கச் சிறு நகரங்களில் மைனர் லீக் (மேஜர் லீக் என்ற உச்ச லீக்குக்குக் கீழ்ப்பட்ட, வீரர்கள் பழகி மேலே போகும் லீக்) அணிகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? மக்கள் கொண்டாடும் அணிகூட ஏன் கிளம்பிப் போய்விடுகிறது?

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாட்டக்கெட் என்ற பழைய நூற்பாலை ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 75,000. அதன் கதையில் இரண்டுக்கும் விடை உண்டு.

முதலில் பண விவகாரம். வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் தருவது மேஜர் லீக் தாய் அணி. யார் ஆடுவது, யாரை எப்போது மேலே அழைப்பது என்பதெல்லாம் அதன் முடிவு. டிக்கெட், தின்பண்டம், விளம்பரப் பலகை வருமானம் உள்ளூர் முதலாளிக்கு. நேற்று இங்கே ஹோம் ரன் அடித்தவர் இன்று தாய் அணி இருக்கும் பாஸ்டனில் ஆடிக்கொண்டிருப்பார். ஆகவே நட்சத்திரங்களை நம்பி வியாபாரம் செய்ய முடியாது. கோப்பையும் காப்பாற்றாது. பாஸ்டன் ரெட் சாக்ஸின் டிரிபிள்-ஏ (மைனர் லீக்கின் மேல்படி) அணி 1973ல் பாட்டக்கெட்டுக்கு வந்தது, அதே ஆண்டு லீக் கோப்பையையும் வென்றது. 1976 முடிவதற்குள் கடனில் மூழ்கிவிட்டது.

1977 தொடக்கத்தில் பென் மோண்டோர் என்ற முன்னாள் ஆலை முதலாளி அதை எடுத்து நடத்தினார். அவருடைய சூத்திரம் எளிது: மலிவான டிக்கெட், இலவச வண்டி நிறுத்தம், சுத்தமான மைதானம். அந்த ஆண்டு சுமார் 70,000 பேர் வந்தார்கள்; 2005ல் 6,88,000க்கும் மேல்.

அணி ஆடிய மெக்காய் மைதானம் 1942ல் சதுப்பு நிலத்தின்மேல் கட்டியது; அதற்குத் தனி அமைப்பு. வீரர்கள் உட்காரும் இடம் பார்வையாளர் வரிசைக்கு நேர் கீழே இருந்ததால், மேலிருந்து கையெழுத்து கேட்க வழியில்லை. பிள்ளைகள் பிளாஸ்டிக் பால் கேனை வெட்டி, உள்ளே பந்தும் பேனாவும் வைத்து, கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார்கள். தூண்டில் போடுவது என்றே அதற்குப் பெயர்.

தொழில்முறை பேஸ்பாலின் மிக நீண்ட ஆட்டமும் இங்கேதான். 1981 ஏப்ரல் 18 இரவு, எதிரணி ராச்செஸ்டர். அமெரிக்க பேஸ்பாலில் பொதுவாக டிரா கிடையாது, வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் சமநிலை என்றால் யாராவது முந்தும்வரை இன்னிங்ஸ் நீளும். இரவு 12:50க்குப் பிறகு புது இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது என்ற லீக் விதி, அந்த ஆண்டு நடுவர்களின் கையேட்டில் விடுபட்டிருந்தது. குளிர் தாங்காமல் உடைந்த மட்டைகளை எரித்துக் காய்ந்தார்கள். லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து அதிகாலை 4:07க்கு நிறுத்தும்போது 32 இன்னிங்ஸ் முடிந்து 2-2. மிச்சமிருந்த பார்வையாளர்கள் 19 பேர். ஜூன் 23ல் மீண்டும் தொடங்கி 18 நிமிடத்தில் பாட்டக்கெட் 3-2 என்று ஜெயித்தது. இரு அணிகளின் மூன்றாம் பேஸ் காவலர்களான வேட் பாக்ஸும் கால் ரிப்கனும் பிற்பாடு பேஸ்பால் புகழ்மன்றம் (Hall of Fame) ஏறினார்கள்.

ஊர் மாறியதற்குக் காரணம் மைதானம். 1999ல் சுமார் 1.6 கோடி டாலர் செலவில் விரிவாக்கியும் அதன் எலும்புக்கூடு பழையதுதான். மோண்டோர் 2010ல் இறந்தார், 2015ல் அணி கைமாறியது. புதிய உரிமையாளர்கள் முதலில் பக்கத்து பிராவிடன்ஸில் மைதானம் கேட்டார்கள், அது நடக்கவில்லை. பிறகு பாட்டக்கெட்டிலேயே 8.3 கோடி டாலரில் திட்டம்: அணி 4.5 கோடி, மாநிலம் 2.3 கோடி, நகரம் 1.5 கோடி. சட்டமன்றக் கீழவை கடன் பத்திரங்களுக்கு மாநில உத்தரவாதத்தை எடுத்துவிட்டது. உத்தரவாதம் இல்லையென்றால் வட்டி ஏறும். 2018 ஆகஸ்டில் அணி மாசசூசெட்ஸின் வூஸ்டருக்குப் போவதாக அறிவித்தது; அந்த நகராட்சி தானே கடன் வாங்கிக் கட்டித்தர ஒப்புக்கொண்டது. 2020 பருவத்தைக் கொரோனா விழுங்கியதால் பாட்டக்கெட்டுக்கு முறையான வழியனுப்பு ஆட்டம்கூட வாய்க்கவில்லை.

எனவே இப்படி ஒரு அணியின் ஆயுளைக் கணிக்க வேண்டுமானால் வருகைக் கணக்கைவிட மைதானக் குத்தகை எப்போது முடிகிறது, பழுதுச் செலவு யார் பொறுப்பு என்பதைப் பாருங்கள். ரோட் ஐலண்ட் அரசியல்வாதிகளை மட்டும் திட்டுவது நியாயமில்லை. லாபம் தனியாருக்கு, கடன் பொதுமக்களுக்கு என்ற ஏற்பாட்டில் தயக்கம் வருவது இயல்பே. ஆனால் அதே பாட்டக்கெட் ஆற்றங்கரையில், பொதுப்பண உதவியோடு, 2025ல் ஒரு புதிய கால்பந்து மைதானம் திறந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.