கேமர்களுக்கு ஒரு ஃபெடரேஷன் வேணுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நாங்க நாலு பேர் ஸ்குவாடா பிஜிஎம்ஐங்கற மொபைல் ஷூட்டிங் கேம் விளையாடறோம், காலேஜ் முடிஞ்சு வந்து நைட்டு ஸ்க்ரிம்ஸ் (மத்த டீமோட ப்ராக்டிஸ் மேட்ச்) போடுவோம். இஸ்போர்ட்ஸுக்கு, அதான் போட்டியா ஆடற வீடியோ கேமுக்கு, கவர்மென்ட் அங்கீகாரத்தோட ஒரே ஒரு ஃபெடரேஷன் இருந்தா நல்லதுன்னு இப்ப எல்லாரும் பேசறாங்க. எங்க டீம்ல ரெண்டு பேர் வரட்டும்ங்கறான், மத்த ரெண்டு பேர் வந்தா கிரிக்கெட் போர்டு மாதிரி எல்லாத்தையும் வளைச்சு போட்டுக்கும்ங்கறான். நாங்க சப்போர்ட் பண்ணணுமா வேண்டாமா?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: சப்போர்ட் பண்ணுங்க தம்பி, ஆனா கண்டிஷன் போட்டு பண்ணுங்க. உங்க டீம்ல ரெண்டு பக்கம் சொல்றதும் சரிதான், ரெண்டுமே ஒரே நாட்டுல நடந்திருக்கு, தென் கொரியாவுல.

அங்க 2000லயே அரசாங்க ஒப்புதலோட கெஸ்பான்னு ஒரு இஸ்போர்ட்ஸ் சங்கம் வந்துருச்சு. ஸ்டார்கிராஃப்ட்ங்கற கம்ப்யூட்டர் போர் கேமோட மேட்ச் டிவில லைவா ஓடின காலம், கேமுக்குன்னே தனி சேனல் இருந்துச்சு. டீம் லீக், ப்ளேயர் லைசென்ஸ், மேட்ச்ல பக்கத்துல நிக்கிற ரெஃபரி எல்லாம் கெஸ்பா கையில தான் ஒரு ஒழுங்குக்கு வந்துச்சு. 2010ல மேட்ச் ஃபிக்ஸிங் வெடிச்சப்போ 11 பேருக்கு வாழ்நாள் தடை போட்டாங்க, அதுல ஒருத்தர் சேவியர்ங்கற பேர்ல ஆடின பெரிய சாம்பியன், அவரையும் விடல. அப்புறம் 2023ல ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல ஃபேக்கர்ங்கற ஸ்டார் ப்ளேயர் இருந்த கொரியா டீம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ங்கற கேம்ல தங்கம் அடிச்சுச்சு, அதனால அந்த பசங்களுக்கு கட்டாய ராணுவ சேவையில இருந்து விலக்கு கிடைச்சுச்சு. ஒன்றரை வருஷம் ராணுவத்துக்கு போயிட்டு வந்தா ஒரு ப்ரோ ப்ளேயரோட கேரியரே பாதி முடிஞ்சுரும், அதனால அந்த ஒரு மெடலோட மதிப்பு என்னன்னு யோசிச்சு பாருங்க. அந்த டீமை செலக்ட் பண்ணி அனுப்பினது கெஸ்பா தான். சங்கம்னு ஒண்ணு இல்லாட்டி ஏசியன் கேம்ஸ் வாசல்லயே நிக்க முடியாது.

இப்ப இன்னொரு பக்கம். 2007ல இதே கெஸ்பா ப்ரோலீக்ங்கற ஸ்டார்கிராஃப்ட் டீம் லீக்கோட ஒளிபரப்பு உரிமையை வித்துச்சு, இத்தனை வருஷமா அந்த மேட்சை வளர்த்து விட்ட சேனல்காரங்களோடயே சண்டை, கேமை உருவாக்கின பிளிஸார்ட் கம்பெனிக்கு அதுல பங்கே இல்ல. அந்த கோபம் தான் அப்புறம் கேஸ் வரைக்கும் போச்சு, 2011ல தான் சமாதானம் ஆச்சு. 2010 ஜனவரில ஒரு பெரிய ஸ்டார்கிராஃப்ட் ஃபைனல், ஃபிளாஷும் ஜேடாங்கும், அந்த காலத்து ரெண்டு உச்ச ஆட்டக்காரங்க மோதறாங்க, மூணாவது கேம் நடுவுல கரண்ட் போயிருச்சு. மறுபடி ஆட விடாம ரெஃபரிங்க கூடி பேசி அந்த கேமை ஜேடாங் ஜெயிச்சதா தீர்ப்பு சொன்னாங்க, அந்த ஃபைனலை பாத்தவங்க இன்னிக்கும் அதை விட்டு குடுக்காம சண்டை போடுவாங்க. 2017ல சங்கத்தோட முன்னாள் தலைவர், அப்ப ஜனாதிபதி மாளிகையில பெரிய பொறுப்புல இருந்தவர், ஒரு கம்பெனி கெஸ்பாவுக்கு குடுத்த நன்கொடை சம்பந்தமான லஞ்ச விவகாரத்துல பதவியை விட்டே போக வேண்டியதாச்சு.

கிரிக்கெட் போர்டு பயத்துக்கு வரேன். 2007ல ஐசிஎல்னு ஒரு தனி கிரிக்கெட் லீக் வந்தப்போ அதுல சேர்ந்த ப்ளேயர்ஸை பிசிசிஐ வெளிய தள்ளுச்சு, 2009ல தான் அதை விட்டுட்டு வந்தவங்களுக்கு மன்னிப்பு. செஸ்லயும் இதே கதை: சங்கத்தோட அனுமதி இல்லாத டோர்னமென்ட்ல ஆடினாங்கன்னு ப்ளேயர்ஸை தடை பண்ணின விஷயத்துல 2018ல இந்திய போட்டி ஆணையம் அகில இந்திய செஸ் சம்மேளனத்துக்கு 6.92 லட்சம் ரூபாய் அபராதம் போட்டுச்சு. அதனால நான் சொல்ற முதல் கண்டிஷன் இது தான்: "எங்க போட்டியில மட்டும் ஆடு, வேற எங்கயும் ஆடாதே"ன்னு சொல்ற அதிகாரத்தை எந்த சங்கத்துக்கும் குடுக்கக் கூடாது. மத்ததுக்கெல்லாம் பேசி வழி பண்ணலாம், இதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க.

கேள்வி: சார், என் பையனுக்கு 17 வயசு. நல்லா விளையாடறான்னு ஒரு ஆர்க்ல (கேமிங் டீம் நடத்தற கம்பெனி) இருந்து மூணு வருஷ காண்ட்ராக்ட் மெயில்ல அனுப்பி ரெண்டு நாள்ல கையெழுத்து போட சொல்றாங்க. எல்லாம் இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா இருக்கு. இதெல்லாம் பாத்துக்க ஒரு அமைப்பு இருக்கா?
(ஒரு தாய், ஓசூர்)

பதில்: அம்மா, முதல்ல அந்த ரெண்டு நாள் கெடுவுக்கு பயப்படாதீங்க. 18 வயசு ஆகாத பையன் போடற கையெழுத்து இந்திய ஒப்பந்த சட்டப்படி செல்லாது, அதனால எப்படியும் உங்ககிட்ட தான் கேப்பாங்க. ஒரு வக்கீல்கிட்ட காட்டாம போடாதீங்க. வக்கீல்கிட்ட போறப்போ இதையெல்லாம் குறிச்சுக்கங்க: பையன் நடுவுல வெளிய வரணும்னா பைஅவுட் எவ்வளவு கட்டணும், பிரைஸ் மணில எத்தனை சதவீதம் ஆர்க் எடுத்துக்கும், அவனோட யூடியூப் சேனல் யார் பேர்ல இருக்கும், ஆர்க் மட்டும் எப்ப வேணா காண்ட்ராக்டை ரத்து பண்ணலாம்னு இருக்கா இல்ல அவனுக்கும் அந்த உரிமை இருக்கா, சம்பளம் ரெண்டு மாசம் வரலேன்னா என்ன வழி. கடைசியா சொன்னது நிறைய காண்ட்ராக்ட்ல இருக்கவே இருக்காது, அது தான் நான் முதல்ல தேடிப் பாக்கற வரி.

இதுக்கு ஃபெடரேஷன் என்ன பண்ணும்னா, மறுபடி கொரியாவுக்கு தான் போகணும். 2019ல கிரிஃபின்ங்கற லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் டீம், கனாவிங்கற பேர்ல ஆடற பையன், மைனர். நீ ரூலை மீறிட்டே, மாட்டிக்கிட்டேன்னு பயமுறுத்தி ஒரு சீன டீமோட நீண்ட கால காண்ட்ராக்ட்ல கையெழுத்து போட வைக்க பாத்தாங்க. இதை வெளிய சொன்னது டீம்ல இருந்து அப்ப தான் நீக்கப்பட்டிருந்த கோச், சிவிமேக்ஸ்னு சொன்னா ஆட்டம் பாக்கறவங்களுக்கு தெரியும். கெஸ்பாவும் அந்த கேமை உருவாக்கின ரயட் கம்பெனியோட கொரியா கிளையும் சேர்ந்து விசாரிச்சு தீர்ப்பு சொன்னாங்க, டீமுக்கு 10 கோடி வோன் அபராதம், டீமை நடத்தின பழைய டைரக்டருக்கு தடை, அதே மூச்சுல உண்மையை சொன்ன கோச்சுக்கும் காலவரையில்லா தடை! ப்ளேயர்ஸை திட்டினாரு அடக்குமுறையா நடந்தாருன்னு அவர் மேல குற்றச்சாட்டு. ரசிகர்கள் சும்மா விடல, ஜனாதிபதி மாளிகை இணைய மனுவுல 2 லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க, அந்த தடையை நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. 2020 மே மாசம் பார்லிமென்ட்ல சட்டமே திருத்தினாங்க, இஸ்போர்ட்ஸ் ப்ளேயருக்கு அமைச்சகம் எல்லாருக்கும் பொதுவா ஒரு மாடல் காண்ட்ராக்ட் போட்டு வைக்கணும்னு.

சங்கம் தானா நல்லது பண்ணல பாருங்க, ஆடறவங்களும் பாக்கறவங்களும் நெருக்கினதால பண்ணுச்சு. ஆனா நெருக்கறதுக்கு ஒரு ஆபீஸ், ஒரு தீர்ப்பு, ஒரு பேப்பர் இருந்துச்சே, அது பெருசு. உங்க பையனுக்கு தமிழ்லயும் படிக்கற மாதிரி ஒரு மாடல் காண்ட்ராக்ட் இங்க வரணும், ஃபெடரேஷன்னு ஒண்ணு அங்கீகாரம் கேட்டு வந்தா முதல் வேலையா இதை எழுத சொல்லுங்க.

கேள்வி: கேமே கம்பெனியோட சொத்து, நாளைக்கு சர்வரை ஆஃப் பண்ணா எல்லாம் காலி. இதுல ஃபெடரேஷன் என்ன கிழிச்சிட போகுது?
(ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்)

பதில்: நியாயமான கேள்வி, இது தான் இஸ்போர்ட்ஸுக்கும் கபடிக்கும் உள்ள வித்தியாசம். கபடி யாரோட சொத்தும் இல்ல. வேலோரன்ட்ங்கற ஷூட்டிங் கேம் ரயட் கம்பெனியோடது, பிஜிஎம்ஐ கிராஃப்டான் கம்பெனியோடது, ரூலை மாத்தறதும் லீக் நடத்தறதும் அவங்க இஷ்டம், அந்த இடத்துல ஃபெடரேஷன் போய் அதிகாரம் பண்ண முடியாது.

ஆனா 2022 ஜூலை 28 ஞாபகம் இருக்கா? பிஜிஎம்ஐ ரெண்டு ஸ்டோர்ல இருந்தும் ஒரே நாள் சாயங்காலம் காணாம போச்சு, மறுபடி வந்தது 2023 மே கடைசில. அதுக்கு முன்னாடி 2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைல், 2022 பிப்ரவரில ஃப்ரீ ஃபயர். தடை பண்ணினதுக்கு பாதுகாப்பு காரணம் சொன்னாங்க, அது அரசாங்கத்தோட முடிவு, அதுக்குள்ள போகல. ஆனா பிஜிஎம்ஐ இல்லாத அந்த பத்து மாசம் சம்பளத்தை நம்பி இருந்த பசங்க சார்பா டெல்லியில போய் உக்காந்து "இவங்களுக்கு என்ன வழி, எப்ப தெரியும்"னு கேக்க ப்ளேயர்ஸுக்குன்னு பலமான ஒரு குரல் இல்ல. கம்பெனி கேட்டுச்சு, அதோட கவலை அதோட பிசினஸ். இஸ்போர்ட்ஸ் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா 2016ல இருந்து இருக்கு, ஏசியன் கேம்ஸுக்கு செலக்‌ஷன் நடத்துது, 2018 ஜகார்த்தாவுல தீர்த் மேத்தா ஹார்த்ஸ்டோன்ல வெண்கலம் வாங்கினதும் அந்த வழியில தான். அது முக்கியமான வேலை தான், ஆனா ஹாங்சோவுக்கு நம்ம ஆளுங்க போனது நாலு கேமுக்கு, நம்ம தெருவுல பசங்க ராத்திரி பகலா ஆடற மொபைல் கேம் அதுல ஒண்ணு கூட இல்ல. செலக்‌ஷனோட நிக்கிற சங்கத்தால அந்த பசங்களுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல.

பப்ளிஷரை, அதாவது கேம் கம்பெனியை, தொடாமலே பண்ணக்கூடிய வேலை நிறைய இருக்கு. காண்ட்ராக்ட் ஒண்ணு. டோர்னமென்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பிரைஸ் மணியை ஒரு பொது அக்கவுண்ட்ல கட்ட வைக்கறது இன்னொண்ணு. ஜெயிச்சு மாசக்கணக்காகியும் பிரைஸ் மணி வரலேன்னு எனக்கு வர லெட்டர் தான் எல்லாத்தையும் விட அதிகம், இப்படி முன்னாடியே கட்ட வைக்கறதுக்கு எந்த கம்பெனியோட அனுமதியும் தேவையில்ல.

கேள்வி: ஹேக் (கேம்ல ஏமாத்தற சாஃப்ட்வேர்) போட்டு மாட்டினவன் ஐடி மாத்திக்கிட்டு அடுத்த மாசம் வேற டோர்னமென்ட்ல வந்து நிக்கிறான். இதுக்கு முடிவே இல்லையா?
(பள்ளி ஆசிரியர், கரூர்)

பதில்: இதுக்கு நம்ம நாட்டு உதாரணமே இருக்கு. 2018 அக்டோபர், ஷாங்காய், கவுன்டர் ஸ்ட்ரைக்ங்கற ஷூட்டிங் கேமோட ஏசியா ஃபைனல்ஸ். ஆப்டிக் இந்தியா டீம்ல ஃபோர்சேகன்ங்கற பேர்ல ஆடினவர். மேட்ச் நடுவுல ஒரு அட்மின் பக்கத்துல வந்து கம்ப்யூட்டரை பாக்கணும்னு நிக்கிறாரு, இவர் மவுஸை விடாம அவசர அவசரமா எதையோ டெலீட் பண்ண பாக்கறாரு, அட்மின் கையை நீட்டி தடுக்கறாரு. அந்த ஹேக் ஃபைலுக்கு வேர்டுன்னு பேர் வச்சிருந்தாரு, லெட்டர் டைப் பண்ற சாஃப்ட்வேர் மாதிரி தெரியறதுக்கு. எல்லாம் வீடியோவுல பதிவாகியிருக்கு. டீமே டிஸ்குவாலிஃபை, ஒண்ணும் தெரியாத மத்த நாலு பேருக்கும் வேலை போச்சு, அவருக்கு அஞ்சு வருஷ தடை. இதுல முக்கியமான விஷயம், 2017லயே அவர் மேல ஒரு தடை வந்திருந்துச்சு, அப்படியும் பெரிய டீம்ல இடம் கிடைச்சது.

ஒவ்வொரு ஆர்கனைசரும் தனித்தனியா லிஸ்ட் வச்சிருந்தா இப்படித்தான். ப்ளேயருக்கு ஒரே ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர், எல்லாரும் பாக்கற ஒரே தடை லிஸ்ட், அதோட தடை வாங்கினவன் தன் பக்கத்தை சொல்ல ஒரு அப்பீல், இது மூணும் சேர்ந்து வரணும். அப்பீல் இல்லாம லிஸ்ட் மட்டும் வந்தா ஆகாதவனை பழிவாங்க அதையே யூஸ் பண்ணுவாங்க.

கேள்வி: நாங்க அஞ்சு பேரும் பொண்ணுங்க, வேலோரன்ட் ஆடறோம். ஃபெடரேஷன் வந்தாலும் கமிட்டில யாரோ வயசான அரசியல்வாதி தான் உக்காருவாரு. நாங்க சப்போர்ட் பண்ணி என்ன ஆகப் போகுது அண்ணா?
(கல்லூரி மாணவி, கோவை)

பதில்: இதுக்கு இப்ப கையில ஒரு சட்டம் இருக்கு கண்ணு. 2025 ஆகஸ்ட்ல வந்த தேசிய விளையாட்டு நிர்வாக சட்டம். அதுப்படி அங்கீகாரம் வாங்கற சங்கத்தோட செயற்குழு 15 பேருக்கு மேல போகக்கூடாது, அதுல நாலு பேராவது பெண்கள், ரெண்டு பேராவது சாதிச்ச வீரர்கள், வீரர்களுக்குன்னு தனி கமிட்டியும் இருக்கணும். அதே மாசம் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் இஸ்போர்ட்ஸை பண சூதாட்டத்துல இருந்து பிரிச்சு விளையாட்டா ஏத்துக்கிட்டு இந்த சட்டத்தோட கோத்து விட்டிருக்கு.

அதனால உங்க ஊருக்கு மாநில சங்கம்னு யாராவது வந்து மெம்பர்ஷிப் ஃபார்ம் நீட்டினா, பைலாவை, அதாவது சங்கத்தோட விதிமுறையை, கேளுங்க. ப்ளேயர்ஸுக்கு ஓட்டு இருக்கா, கணக்கு வருஷா வருஷம் வெளிய வருதா, கமிட்டில இப்ப ஆடிக்கிட்டிருக்கற பொண்ணு ஒருத்தியாவது இருக்காளா. இருந்தா சேருங்க, எலெக்‌ஷன்ல நில்லுங்க, நான் சும்மா சொல்லல, உங்க வயசுல இருக்கறவங்க நிக்கணும். பைலாவே காட்டலேன்னா ஃபீஸ் கட்டாதீங்க.

கேள்வி: எங்க ஏரியாவுல ஆளுக்கு 50 ரூபாய் ஜிபேல வாங்கி கஸ்டம் ரூம் (கேமுக்குள்ள எங்களுக்குன்னு தனி மேட்ச்) போட்டு, சேர்ந்த காசை ஜெயிச்சவங்களுக்கு குடுக்கறோம். இதுவும் இஸ்போர்ட்ஸ் தானே அண்ணா?
(வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம், நிறுத்திருங்க தம்பி. புது ஆன்லைன் கேமிங் சட்டத்துல இஸ்போர்ட்ஸுக்கு என்ட்ரி ஃபீ வாங்கலாம், ஆனா போட்டியில சேர்க்கறதுக்கும் நடத்தற செலவுக்கும் மட்டும். ஆடறவங்க கட்டின காசையே ஜெயிச்சவனுக்கு பிரிச்சு குடுத்தா பணம் வச்சு ஆடற கேம்ங்கற வரையறைக்குள்ள போய் விழற ஆபத்து இருக்கு, நடத்தறவனுக்கு ஜெயில் தண்டனை வரைக்கும் இருக்கு. பக்கத்து மொபைல் கடை, ஜிம்னு யார்கிட்டயாவது ஸ்பான்சர் கேளுங்க, பிரைஸை அவங்க குடுக்கட்டும். ரூலையும் பிரைஸ் குடுக்கற தேதியையும் போஸ்டர்லயே போட்டுருங்க.