எஃகுத் தூண்: வலிமை கூடினால் பக்லிங் அடங்குமா?

கேள்வி: எஸ்355-க்குப் பதில் எஸ்690 போட்டால் தூண் இரண்டு மடங்கு சுமை தாங்குமா?

இந்த எண்கள் எஃகின் ஈல்டு வலிமையைக் குறிக்கின்றன, அதாவது எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு (ஓரலகுப் பரப்பில் வரும் விசை), மெகாபாஸ்கலில். எவ்வளவு சுமை கூடும் என்பது தூண் எவ்வளவு ஒல்லி என்பதைப் பொறுத்தது. ஒல்லியான தூணில் பக்லிங்கை, அதாவது அமுக்கும் சுமையில் தூண் பக்கவாட்டில் வளைந்துவிடுவதை, எதிர்ப்பதில் பெரும்பங்கு எஃகின் விறைப்புக்கு. அதைக் குறிக்கும் மீட்சிக் குணகம் இரண்டு எஃகுக்கும் ஒன்றேதான், சுமார் 2,10,000 மெகாபாஸ்கல். ஐரோப்பிய எஃகுக் கட்டுமான விதியான யூரோகோடு 3-இன் ‘சி’ பக்லிங் வளைகோட்டில், வெல்டிங் செய்த ஐ-வடிவத் தூண் ஒன்றுக்குப் பலவீன அச்சில் (எளிதாக வளையும் திசையில்) கணக்குப் போட்டேன். தூணின் ஒல்லித்தனத்தைச் சொல்லும் மெலிவு விகிதம் 40 என்றால், எஸ்690-க்கு மாறும்போது தாங்கும் தகைவு 295-லிருந்து 487 மெகாபாஸ்கலுக்கு ஏறுகிறது. அதுவே 120 ஆனால், 104 வெறும் 116 ஆகிறது. அவ்வளவு ஒல்லியான தூணுக்கு எஸ்690 வேண்டாம், நடுவில் பக்கவாட்டில் ஒரு பிடிப்புக் கொடுங்கள்.

கேள்வி: வெல்டிங்கால் உள்ளே தங்கும் தகைவு, உயர்வலிமை எஃகில் இன்னும் மோசமா?

பலரும் அப்படித்தான் பயப்படுகிறார்கள். ஆனால் நிலைமை வேறு. வெல்டு ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது, பக்கத்து உலோகம் விடுவதில்லை. அதனால் வெல்டு ஓரத்தில் இழுவிசையும், அதைச் சமன்செய்ய மற்ற இடங்களில் அமுக்கமும் தங்கிவிடுகின்றன. ஃபிளேஞ்சை (ஐ-வடிவின் மேல், கீழ்த் தகடுகளில் ஒன்றை) பட்டைபட்டையாக அறுத்து அளந்தால் இது கண்ணெதிரே தெரியும்: வெல்டு ஓரப் பட்டை அறுத்ததும் சற்றுக் குறுகும், அமுக்கத்தில் இருந்த பட்டை நீளும். தூணைக் கெடுப்பது அந்த அமுக்கம்தான், ஏனென்றால் சுமை ஏறும்போது அந்தப் பகுதிதான் முதலில் ஈல்டாகிறது. எஃகின் ஈல்டு வலிமை இரட்டித்தாலும் அமுக்கம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே அதன் பாதிப்பு, ஒப்பீட்டளவில், குறைகிறது. அதற்காக விதி தராத சலுகையை நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஃபிளேஞ்ச் பிளேட்டை கேஸ் கட்டிங்கில் வெட்டலாமா?

தாராளமாக. வெட்டிய விளிம்பில் இழுவிசை தங்கும். ஃபிளேஞ்ச் நுனியில் அது இருப்பது பலவீன அச்சுக்கு நல்லதே.

கேள்வி: வலிமை கூடியதால் பிளேட்டை மெலிதாக்கிவிடலாமே?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தூண் முழுதாக வளைவதற்கு முன்பே பிளேட் மட்டும் நெளிந்துவிடலாம். வெல்டு விளிம்பிலிருந்து வெளியே நீளும் ஃபிளேஞ்சுக்கு, யூரோகோடின் மூன்றாம் வகுப்பில் (ஈல்டு வரும்வரை பிளேட் நெளியாத வகை), அகலம்-தடிமன் விகித வரம்பு எஸ்355-க்கு 11.4, எஸ்690-க்கு 8.2. அதாவது 12 மில்லிமீட்டர் பிளேட்டில் 137 மில்லிமீட்டர் நீட்டியிருந்தவர், இப்போது 98-இல் நிறுத்த வேண்டும். அதை மீறினால் முழு அகலத்தையும் கணக்கில் சேர்க்க முடியாது, வேலை செய்யும் அகலத்தை மட்டுமே எடுக்கலாம்.