பூட்டிக் கிடக்கும் குளியலறையில் சாக்கடை நாற்றம்

தரை வடிகாலில் அரை வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பினாயில் வேண்டாம், அது நாற்றத்தை மறைக்கும், வாயுவைத் தடுக்காது.

குளியலறை மாதக்கணக்கில் பூட்டியே கிடந்ததா? அப்படியானால் சல்லடைக்குக் கீழே, தண்ணீர் தேங்கி நிற்பதற்கென்றே வைத்த வளைவான ட்ராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும். வழக்கமாக 50 மில்லிமீட்டர் ஆழமே உள்ள அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கதவு. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவியதில் இப்படி வற்றிய ட்ராப்புகளுக்கும் பங்குண்டு.

சரி, ஊற்றியபின் சல்லடையைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் பளபளக்க வேண்டும். மறுநாளே மட்டம் இறங்கியிருந்தால் ட்ராப்பில் விரிசல் இருக்கலாம். மேல்மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது ட்ராப் தண்ணீர் களக்களக்கென்று இறங்கினால், காற்றுப் போக வைத்த வென்ட் குழாயில் அடைப்பு, பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் நிற்கவே இல்லையா? ட்ராப்பே வைக்காமல் கட்டியிருக்கலாம், அந்தக் கூத்தும் நடக்கிறது.