பெயரை எண்ணாதீர்கள், இன்னிங்ஸை எண்ணுங்கள்: டாட்ஜர்ஸ் 2026 கேள்வி-பதில்

டாட்ஜர்ஸ் டொராண்டோ ப்ளூ ஜேஸை ஜெயித்த 2025 பேஸ்பால் உலகத் தொடர் முடிந்து ஆற அமர உட்கார்வதற்குள் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: 2026இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள்) யார் யார்? ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

யமமோட்டோ, ஸ்னெல், கிளாஸ்னவ், ஓட்டானி, சசாக்கி, ஷீஹன். ஆறு பேர் கையில் இருக்கும்போது இன்னும் ஆள் தேட வேண்டுமா? (பர்பாங்க் வாசகர்)

தேடத்தான் வேண்டும். பெயரை எண்ணாதீர்கள், இன்னிங்ஸை எண்ணுங்கள். சீசனுக்கு மொத்தம் 162 ஆட்டம், ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஸ்டார்ட்டர் ஒருவர் சராசரியாக ஐந்து இன்னிங்ஸுக்குக் கொஞ்சம் மேலே போவார். ஆக 800, 850 இன்னிங்ஸ் ஸ்டார்ட்டர்களிடமிருந்து வந்தாக வேண்டும்.

2025இல் என்ன நடந்தது? யமமோட்டோ 173, கிளாஸ்னவ் 90, ஷீஹன் 73, ஸ்னெல் 61, ஓட்டானி 47, சசாக்கி 36. ஆறு பேரையும் கூட்டினால் 480 சொச்சம். மீதியை இழுத்துக்கொண்டு போனவர்களில் கெர்ஷாவும் டஸ்டின் மேயும் மட்டும் 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார்கள். இரண்டு பேருமே இப்போது அணியில் இல்லை.

அடுத்த சீசனுக்கு என் கணக்கு இது: யமமோட்டோ 170, ஷீஹன் 130, ஓட்டானி 120, கிளாஸ்னவ் 110, ஸ்னெல் 110, சசாக்கி 100. எல்லாம் நல்லபடியாக நடந்தாலே 740தான் வருகிறது. குறைகிற நூறு இன்னிங்ஸை வீசப்போகிறவர்கள் 7ஆவது, 8ஆவது, 9ஆவது ஆட்கள். அவர்களைப் பற்றி யாருமே எனக்கு எழுதுவதில்லை.

ஓய்வு பெற்ற கெர்ஷா மனம் மாறித் திரும்பி வருவாரா?

மாட்டார். வரவும் வேண்டாம். 18 சீசன், 3000 ஸ்ட்ரைக்அவுட்டைத் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) தாண்டிய கணக்கு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது மூன்று. உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், 12ஆவது இன்னிங்ஸில், மூன்று பேஸும் நிறைந்து இரண்டு அவுட் ஆகியிருந்த நேரத்தில் ஏறி வந்து, மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் என்று 3-2 வரை போய், கடைசி அவுட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். இதைவிட நல்ல விடைபெறல் எந்தப் பிட்சருக்குக் கிடைக்கும்?

டஸ்டின் மேயை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை? ஐந்தாவது ஸ்டார்ட்டராக அவரையே போடலாமே?

ஜூலை கடைசியிலேயே அவரை பாஸ்டனுக்குக் கொடுத்தாயிற்று. எழுதுவதற்கு முன் இப்போது அணியில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது.

யமமோட்டோ உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் வீசிவிட்டு மறுநாளே ஏழாவது ஆட்டத்திலும் வீசினார். ஒருநாள்கூட ஓய்வில்லை. அப்படியிருக்க, அடுத்த சீசனில் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஏற்றாமல் ஆறு நாள், ஏழு நாள் என்று ஏன் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும்? பழைய காலத்தில் எல்லாம் இப்படியா? (சான் ஹோசே வாசகர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அக்டோபர் 31 அன்று டொராண்டோவில் யமமோட்டோ ஆறு இன்னிங்ஸ் வீசினார், 96 பிட்ச், அதாவது 96 பந்து. நவம்பர் 1 அன்று ஒன்பதாவது இன்னிங்ஸின் நடுவில் ஏறி 34 பிட்ச் வீசி, 11ஆவது இன்னிங்ஸில் கோப்பையோடு இறங்கினார். நானும் கண்ணீரோடுதான் பார்த்தேன். ஆனால் அதற்கு மறுநாள் ஆட்டம் கிடையாது. மறுவாரமும் கிடையாது. பந்தைக் கீழே வைத்துவிட்டு மாதக்கணக்கில் கையைத் தொங்கப் போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்த ராத்திரி அது. ஏப்ரல் மாதத்து செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு அதை எப்படி அளவுகோலாக வைக்க முடியும்?

சீசனிலும் பிளேஆஃபிலும் (சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள்) சேர்த்து அவர் வீசியது 211 இன்னிங்ஸ். அவர் உயரம் 178 சென்டிமீட்டர்தான். எடை தூக்குகிற பயிற்சியே செய்வதில்லை. ஆட்டத்துக்கு முன் வெளிமைதானத்தில் அவர் எறிந்து பழகும் அந்தச் சின்ன ஈட்டியைப் பார்த்திருப்பீர்கள். தோளால் தள்ளினால் அதன் மூக்கு மேலே போய்விடும். உடம்பு முழுவதும் ஒரே கோட்டில் வந்தால்தான் நேராகப் பறக்கும். கையைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதன் தினமும் இப்படி உழைக்கிறார். அவரும் ஜப்பானில் வாரம் ஒருமுறை வீசித்தான் அங்கே சிறந்த ஸ்டார்ட்டருக்கான சவாமுரா விருதை மூன்று முறை தொடர்ந்து வாங்கினார்.

2024ஐ மறந்துவிட்டீர்களா? ஜூனில் நியூயார்க் போய் யாங்கீஸுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ், 106 பிட்ச், வேகமும் வழக்கத்தைவிடக் கூடுதல். எல்லோரும் கொண்டாடினோம். அடுத்த ஆட்டத்தில் இரண்டே இன்னிங்ஸ் வீசி இறங்கினார். தோளில் காயம். திரும்பி வந்தது செப்டம்பரில். அந்த 106தான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அன்றைக்கு "இன்னும் ஒரு இன்னிங்ஸ் விட்டிருக்கலாம்" என்று எனக்கு எழுதியவர்களே ஜூலையில் "பயிற்சியாளர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்று எழுதினார்கள். இந்த வழக்கத்தின் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. 2019இல் சசாக்கி பள்ளி மாணவர். ஒஃபுனாதோ பள்ளிக்காக மாகாணப் போட்டியின் நடுவில் 12 இன்னிங்ஸ், 194 பிட்ச் வீசியிருந்தார். அரையிறுதியில் இன்னொரு 129. மறுநாள் இறுதி ஆட்டம், ஜெயித்தால் கோஷியென், அதாவது தேசியப் பள்ளிப் போட்டி. பயிற்சியாளர் அவரை இறக்கவே இல்லை. ஹனமாக்கி ஹிகாஷி பள்ளியிடம் 12-2 என்று தோற்றார்கள் (ஓட்டானி படித்த பள்ளி அது). பள்ளிக்குத் தொலைபேசியில் திட்டு மழை. 17 வயதுப் பையனின் தோளைக் காப்பாற்றியதற்கு! மூன்று வருடம் கழித்து, 2022 ஏப்ரலில், அதே பையன் 19 ஸ்ட்ரைக்அவுட்டோடு பெர்ஃபெக்ட் கேம் (ஒருவரையும் பேஸ் ஏறவிடாத முழு ஆட்டம்) வீசினார். அந்த இறுதி ஆட்டத்தில் உட்கார வைத்தவருக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

"பழைய காலம்" என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று. டாமி ஜான் அறுவை சிகிச்சை என்று எல்லோரும் வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்த டாமி ஜான் டாட்ஜர்ஸ் பிட்சர்தான். 1974இல் டாட்ஜர்ஸ் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது முன்கையிலிருந்து தசைநாண் எடுத்து இடது முழங்கையில் வைத்துக் கட்டினார். அவர் 1976இல் திரும்பி வந்து 1989 வரை வீசினார். அவருக்கு முன்னால் முழங்கை போனவர்கள் வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாததால் பழைய காலத்தில் காயமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

இன்றைக்கு வேகம் வேறு கூடிவிட்டது. 2024 டிசம்பரில் லீக் வெளியிட்ட அறிக்கையே இதைத்தான் சொன்னது: ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு, முடிந்த மட்டும் வேகமாக, முடிந்த மட்டும் சுழற்றி வீசுவதுதான் காயங்களுக்குப் பெரிய காரணம். அப்படி வீசச் சொல்லிவிட்டு ஓய்வையும் குறைக்கச் சொன்னால் எந்தக் கை தாங்கும்? ஆறு ஸ்டார்ட்டர்கள் மாறி மாறி வீசும் ரொட்டேஷன்தான் சரி. யமமோட்டோவுக்கு ஆறு நாள் இடைவெளி கிடைத்தால் நான் சந்தோஷப்படுவேன்.

சசாக்கி பிளேஆஃபில் குளோசராக (கடைசி இன்னிங்ஸை வீசி முடிப்பவராக) கலக்கினாரே, அங்கேயே விட்டுவிடலாமே?

கூடாது. ஸ்டார்ட்டராக எட்டு ஆட்டத்தில் 4.72 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி), அப்புறம் தோள் காயம், அது உண்மைதான். அக்டோபரில் மூன்று சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டங்கள்), பில்லீஸுக்கு எதிராக யாரையும் பேஸ் ஏறவிடாத மூன்று இன்னிங்ஸ், அதுவும் உண்மை. ஆனால் புல்பென்னில் (ஸ்டார்ட்டருக்குப் பின் இறங்கும் பிட்சர் கூட்டத்தில்) இரண்டு வகைப் பிட்ச் போதும். ஃபாஸ்ட்பாலும் ஸ்பிளிட்டரும் வைத்து மூன்று பேரைச் சமாளிக்கலாம். பேட்டிங் வரிசையில் இருப்பவர்கள் மூன்றாவது முறை வரும்போது அது செல்லாது. நம்பி வீச மூன்றாவது பிட்ச் ஒன்று இந்தக் குளிர்காலத்தில் தயாராக வேண்டும். 24 வயதுக்காரருக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் கதவைச் சாத்தினால் அவருக்கும் நஷ்டம், அணிக்கும் நஷ்டம்.

ஸ்னெல்லுக்கு 182 மில்லியன் டாலர் கொடுத்தது வீண்தானே? 11 ஆட்டம்தான் ஆடினார்.

வீண் இல்லை. ஆனால் எதற்காகக் கொடுத்தார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். அவருடைய பத்து சீசனில் 130 இன்னிங்ஸைத் தாண்டியது இரண்டே முறை: 2018, 2023. இரண்டு முறையும் 180, இரண்டு முறையும் சை யங் விருது. மற்ற வருடங்களில் 130க்குள்தான். பிளேஆஃபில் மில்வாக்கிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ், ஒரே ஹிட், 10 ஸ்ட்ரைக்அவுட் என்று வீசினாரே, அந்த ராத்திரிக்காகத்தான் அந்தப் பணம். ஏப்ரலில் அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

டெட்ராய்ட்டிலிருந்து ஸ்கூபலை வாங்கினால் என்ன?

இரண்டு வருடம் தொடர்ந்து சை யங், 2025இல் 195 இன்னிங்ஸ். யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் 2026 முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். ஒரு வருடத்துக்காக இளம் பிட்சர்களை மூட்டை கட்டிக் கொடுக்கச் சொன்னால் நான் வேண்டாம் என்பேன். முதல் கேள்வியின் பதிலைப் படியுங்கள்: அந்த நூறு இன்னிங்ஸை வீசப்போவதே அந்த இளைஞர்கள்தான்.

ஓட்டானி ஸ்டார்ட்டராக வீசுவதால் பேட்டிங் கெடுகிறது. ஒன்றை விட்டுவிடலாம் அல்லவா?

விட வேண்டியதில்லை. இரண்டு வேலை செய்பவர் என்று பதிவானதால் அணிக்கு 13 பிட்சர்தான் என்ற வரம்பில் அவர் சேர மாட்டார். அதாவது அணிக்கு ஓர் இடம் மிச்சம். 47 இன்னிங்ஸில் 62 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர். ஆனால் முழங்கையில் இரண்டு முறை கத்தி பட்டவர் என்பதையும் மறக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை போதும்.

உங்கட யமமோட்டோவாலை எங்கட கோப்பை போயிட்டுது. சரி, எங்கட யெசாவேஜ் அடுத்த வருசம் முழுக்க ஸ்டார்ட் பண்ணினா 180 இன்னிங்ஸ் வருமோ? (டொராண்டோ, ஸ்கார்பரோ வாசகர்)

உங்கள் வருத்தம் புரிகிறது. ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை கோப்பை உங்கள் பக்கம்தான் இருந்தது. அந்தப் பையன் ஐந்தாவது ஆட்டத்தில் யாருக்கும் வாக் (இலவசமாக முதல் பேஸ்) கொடுக்காமல் 12 ஸ்ட்ரைக்அவுட் எடுத்ததை நான் எழுந்து நின்று பார்த்தேன். ஆனால் 180 கேட்காதீர்கள். 2025இல் மைனர் லீக், மேஜர் லீக், பிளேஆஃப் எல்லாம் சேர்த்தே அவர் வீசியது 140 அளவில்தான். அதிலிருந்து கொஞ்சம்தான் ஏற்ற வேண்டும். சீசன் நடுவில் இரண்டு வாரம் உட்கார வைத்தால் கோபப்படாதீர்கள். செப்டம்பரில் உங்களுக்கே அவர் வேண்டும்.

எங்கள் பையனுக்கு 12 வயது. சனிக்கிழமை 70 பிட்ச் வீசினான். ஞாயிறு இறுதி ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸ் வீசட்டும் என்கிறார் கோச். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். சிறுவர் பிட்சர்களுக்கான பிட்ச் ஸ்மார்ட் விதி தெளிவாக இருக்கிறது: 11-12 வயதுக்கு ஒருநாளில் அதிகபட்சம் 85 பிட்ச். 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு.

என் மகனுக்கு 13 வயதில் இதே நிலைமை. கோச் கேட்டார், நானும் தலையாட்டினேன். மைதானத்தில் அவன் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டில் சோற்றைப் பிசைந்தான், கையை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. சத்தமில்லாமல் இடது கைக்கு ஸ்பூன் கேட்டான். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வருடம் முழுக்க அவன் பந்தைத் தொடவில்லை. பையன்கள் சொல்ல மாட்டார்கள். சட்டை மாட்டும்போது, பல் தேய்க்கும்போது கையைப் பாருங்கள்.

கேவின் ஸ்டோன், ரிவர் ரயன் இருவரையும் எல்லோரும் மறந்துவிட்டார்களா?

நான் மறக்கவில்லை. இந்தக் கேள்வி கேட்டவருக்கு நன்றி. ஸ்டோனுக்குத் தோள், ரயனுக்கு முழங்கை. இருவரும் 2025 முழுக்க வெளியே. ஷீஹனும் 2024இல் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்தான். 2025 ஜூனில் திரும்பி வந்து 2.82 ஈஆர்ஏ காட்டினார். ஆனால் திரும்பி வருகிற முதல் வருடம் 80, 100 இன்னிங்ஸுக்கு மேல் இவர்களிடம் கேட்கக் கூடாது. மே வரை மைனர் லீக்கில் நாலு இன்னிங்ஸ், ஐந்து இன்னிங்ஸ் என்று வீசட்டும். ஜூனில் யாராவது ஒருவர் காயப் பட்டியலுக்குப் போவார், அது நிச்சயம். அப்போது முதலில் கூப்பிட வேண்டியது ஸ்டோனை.