டிரெய்லரில் ஹாம் ரேடியோ: முதலில் இரைச்சலை அடக்குங்கள்

கேள்வி: விடுமுறை நாட்களில் காருக்குப் பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு முகாம் போகிறோம். அங்கே பொழுதுபோக்காக ஹாம் ரேடியோ (லைசென்ஸ் பெற்ற தனிநபர்கள் ரேடியோ அலை வழியாகத் தங்களுக்குள் பேசிக்கொள்வது) ஒத்துவருமா? எதிலிருந்து தொடங்குவது? கூட வருபவர்களுக்குத் தொல்லையாக இருக்குமா?

நன்றாகவே ஒத்துவரும். என்னைக் கேட்டால் வீட்டைவிட டிரெய்லர்தான் இதற்கு ஏற்ற இடம் என்பேன். காரணம், அமைதி. காதுக்கான அமைதி மட்டும் இல்லை, ரேடியோவுக்கான அமைதியும்தான்.

குடியிருப்புப் பகுதியில் ஒவ்வொரு சார்ஜரும், எல்இடி விளக்கும், டிவியும் குறுகிய அலையில் கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலைக் கலக்கும். தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் அதில் மூழ்கிப்போகும். ஆள் நடமாட்டம் குறைந்த முகாமுக்குப் போய் அதே ரேடியோவைத் திருப்பினால், வரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரின் முள் கீழே கிடக்கும். அந்த மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல், அதாவது நான்கு மடங்கு சக்தி. உங்கள் பக்கம் இரைச்சல் மூன்று படி இறங்கினால், பேசுகிறவர் தன் சக்தியை 64 மடங்கு கூட்டியதற்குச் சமம். எவ்வளவு விலையுள்ள ரேடியோ வாங்கினாலும் இந்த லாபம் கிடைக்காது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, நான் முதல் பயணத்திலேயே அதில் மாட்டினேன். கம்பியைக் கட்டி, ரேடியோவை டிரெய்லரின் மேசையில் வைத்து இயக்கினால், வீட்டில் கேட்டதைவிட அதிக இரைச்சல். ஆண்டெனாவில்தான் கோளாறு என்று முடிவு செய்து, அரை நாள் கம்பியை அவிழ்த்தும் கட்டியும் பார்த்தேன். மாலையில் வேறு ஏதோ வேலைக்காக டிரெய்லரின் பேட்டரி இணைப்பைத் துண்டித்தபோது இரைச்சல் சட்டென்று நின்றது. கூரையில் இருந்த சோலார் பலகையின் சார்ஜ் கன்ட்ரோலர்தான் அத்தனை நேரமும் இரைந்துகொண்டிருந்திருக்கிறது.

அதனால் உங்கள் முதல் வேலை இரைச்சலைத் தேடுவது. ரேடியோவைத் தனியாக ஒரு சிறிய பேட்டரியில் ஓட்டுங்கள். டிரெய்லரின் மின்சாரம் முழுவதையும் துண்டியுங்கள், வெளியிலிருந்து வரும் மின்கேபிளையும் கழற்றிவிடுங்கள், சோலார் பலகையின் இணைப்பையும்தான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப இணைத்து, எது வரும்போது முள் எழுகிறது என்று குறித்துவையுங்கள். சோலார் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர், பேட்டரி சார்ஜர், மலிவான எல்இடி விளக்கு, யுஎஸ்பி சார்ஜர் இவைதான் பெரும்பாலும் சிக்கும். சிலவற்றை ரேடியோ நேரத்தில் அணைத்துவைத்தால் போதும். அணைக்க முடியாதவற்றின் ஒயரை, இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருளான ஃபெரைட் வளையத்துக்குள் நான்கைந்து சுற்று சுற்றுங்கள். குறுகிய அலைக்கு 31 என்ற எண்ணுள்ள கலவையில் செய்த ஃபெரைட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஆண்டெனாவுக்கு நான் எல்லோருக்கும் சொல்வது, அலைநீளத்தில் பாதி நீளமுள்ள, ஒரு முனையில் ரேடியோ கேபிளை இணைக்கும் ‘அரை அலைக்’ கம்பி. 40 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் ஏறக்குறைய 40 மீட்டர் உள்ள அலைவரிசைக்கு) ஏறக்குறைய 20 மீட்டர் நீளக் கம்பி, அதன் முனையில் கம்பியையும் கேபிளையும் பொருத்தும் 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். அதே கம்பி 20, 15, 10 மீட்டர் பேண்டுகளிலும் வேலை செய்யும். நீட்டி மடக்கும் ஃபைபர்கிளாஸ் கழி ஒன்றும் கொஞ்சம் கயிறும் இருந்தால் இருபது நிமிடத்தில் கட்டிவிடலாம். கம்பியை டிரெய்லரின் மேலேயே போடாதீர்கள், பத்து மீட்டராவது தள்ளிப் போங்கள். கேபிள் டிரெய்லருக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஃபெரைட் வளையத்தில் அதையும் சுற்றுங்கள். இல்லாவிட்டால் கேபிளின் வெளிப்பின்னல் வழியாக டிரெய்லரின் இரைச்சல் ஆண்டெனா வரை போய்விடும்.

கம்பி உயரமாக இல்லையே என்று பலர் வருத்தப்படுகிறார்கள். 40 மீட்டர் பேண்டில் நான்கைந்து மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பி, அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பும். அது வானில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டரில் மழைபோல் இறங்கும். பகலில் பக்கத்து ஊர்க்காரர்களோடு பேச இதைவிட வசதி இல்லை. இருட்டிய பிறகு, அந்த மண்டலத்தின் அடியில் இருந்து பகலில் அலையை விழுங்கும் டி அடுக்கு மறைந்துவிடுவதால், அதே பேண்டில் கண்டம் தாண்டிய குரல்கள் வரத் தொடங்கும். பகலில் தூரம் வேண்டுமென்றால் 20 மீட்டர் பேண்ட்.

அக்கம்பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்க்காமல் கழியை ஒருபோதும் தூக்காதீர்கள். இடி கேட்டால் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டுக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஆட்கள் நடக்கும் வழியில் கம்பியும் கயிறும் வேண்டாம்.

மின்சாரம்: 100 வாட் ரேடியோ பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும், கேட்கும்போது ஏறக்குறைய 1 ஆம்பியர்தான். டிரெய்லரில் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டால் அந்த 20 ஆம்பியரைத் தாங்க முடியாது. பேட்டரியிலிருந்து நேராக, தடித்த ஒயரில், ஃபியூஸ் போட்டு எடுங்கள். நான் இப்போது பெரும்பாலும் 5 வாட்டில் மோர்ஸ் அனுப்புகிறேன். இரைச்சலற்ற இடத்தில் அதுவே தாராளம், பேட்டரியைப் பற்றிய கவலையே வருவதில்லை.

காரும் டிரெய்லரும் சேர்ந்து ஓடும்போது 2 மீட்டர் பேண்ட் கைகொடுக்கும், ரிப்பீட்டர் (அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) இருக்கும் பகுதியில் இன்னும் நன்றாக. அடியில் காந்தம் உள்ள ஆண்டெனாவை டிரெய்லர் கூரையில் ஒட்டப் பார்க்காதீர்கள். பலவற்றின் கூரை அலுமினியம் அல்லது ஃபைபர்கிளாஸ், காந்தம் பிடிக்காது. காரின் கூரை எஃகாக இருந்தால் அங்கே வையுங்கள்.

லைசென்ஸ் கட்டாயம். பேசுவதற்குத் தேர்வு எழுதி, கால்சைன் (உங்களுக்கே உரிய அடையாள எழுத்து-எண்) வாங்க வேண்டும். எல்லை தாண்டிப் போவதாக இருந்தால் போகும் நாட்டின் விதியை முன்கூட்டியே படித்துவிடுங்கள். 40 மீட்டர் பேண்டே அமெரிக்கக் கண்டங்களில் 7.3 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், மற்ற பெரும்பாலான இடங்களில் 7.2 வரைதான். குறுகிய காலம் தங்குகிறவர்களுக்கு, ‘செப்ட்’ என்ற ஐரோப்பிய அமைப்பின் ஏற்பாட்டில் சேர்ந்த நாடுகளில் தனி அனுமதி தேவைப்படாது, ஆனால் அது எல்லா வகுப்பு லைசென்ஸுக்கும் பொருந்தாது.

யாரோடு பேசுவது என்ற தயக்கம் இருந்தால், ‘பார்க்ஸ் ஆன் தி ஏர்’ என்ற திட்டத்தைப் பாருங்கள். பட்டியலில் உள்ள பூங்காவிலிருந்து ஒரே யுடிசி (உலகப் பொது நேர) நாளில் பத்துப் பேரோடு தொடர்பு கொண்டால் அந்தப் பூங்காவை இயக்கியதாகக் கணக்கு. நீங்கள் அழைத்தவுடன் வரிசையாகப் பதில் வரும், ஏனென்றால் பூங்காக்காரரைத் தேடிப் பிடிப்பதற்கென்றே பலர் காத்திருக்கிறார்கள். புதியவருக்குக் கூச்சம் போக இது நல்ல வழி.

தொல்லையைப் பற்றிக் கேட்டீர்கள். ஒலிபெருக்கியில் கேட்டால் தொல்லைதான், அதனால் ஹெட்ஃபோன் அவசியம். எல்லோரும் எழுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தையும், படுத்த பிறகு ஒரு மணி நேரத்தையும் ரேடியோவுக்கு என்று வைத்துக்கொண்டேன். அலைகள் தூரம் போவதற்கும் அந்த நேரங்கள் நல்லவை. என் மகள் சில நாள் தானாக எழுந்து வந்து, இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். கால்சைன்களைக் குறிக்கும் நோட்டு இப்போது அவள் பொறுப்பில்தான் இருக்கிறது.

முதல் பயணத்துக்கு ரேடியோ, கம்பி, ஹெட்ஃபோன், தனி பேட்டரி போதும். லைசென்ஸ் இன்னும் கையில் இல்லையா? சரி, பல நாடுகளில் கேட்பதற்கு அது தேவையில்லை. பேசும் பொத்தானைத் தொடாமல் இரண்டு இரவு கேட்டுவிட்டு, எந்த பேண்டில் என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள்.